ஒற்றைக்கண் சிப்பாய்

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பெரியவர் கதையைத் திறந்துவிட்டார். "இத நான் வாங்கினப்போ..." என்று ஆரம்பித்தவரைக் கைகாட்டி நிறுத்தினேன். "கதை அப்புறம், ஐயா. முதல்ல பொருளப் பாத்துக்கறேன்." அவருக்கு முகம் சுண்டிவிட்டது. என்னிடம் வருகிற எல்லோருக்கும் அது சுண்டத்தான் செய்யும். பழைய பொம்மைகளை மதிப்பிடும் இந்தத் தொழிலில் நான் விடாப்பிடியாக வைத்திருக்கும் விதி இது ஒன்றுதான். ஜனங்கள் பொருளைவிடக் கதையைத்தான் பத்திரமாகப் பாதுகாக்கிறார்கள். வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி, வருஷா வருஷம் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு பொம்மையைப் பார்த்தால் நம் கண் பொம்மையைப் பார்க்காது, கதைக்குச் சாட்சி தேடும். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி. என் அக்காவோ, "உனக்குப் பொறந்தநாள் பரிசு வாங்கறதுக்கே பயமா இருக்குடி, பிரிச்சதும் திருப்பிப் போட்டு அடியத்தான் பாக்கற" என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

என் அறை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வெயில் நேராக விழாத பக்கத்து ஜன்னலை ஒட்டி மேஜை. அதன் மேல் ஒரு விளக்கு, இரண்டு பூதக்கண்ணாடிகள், நுணுக்கமாக அளக்கக் காலிப்பர், பஞ்சு சுற்றிய குச்சிகள், ஸ்பிரிட் புட்டி. வருகிறவர்களுக்காக மூன்று நாற்காலிகள் போட்டிருக்கிறேன். யார் எதில் உட்காருகிறார்கள் என்பதையும் நான் பார்க்காமல் விடுவதில்லை. பெரியவர் மேஜைக்கு நேர் எதிரில், என் கைகள் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா, கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்ற ஆடிட்டர் என்று முன்பே போனில் சொல்லியிருந்தார். கூட வந்த மருமகள் கதவுக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முப்பதை ஒட்டிய வயசு. கார் சாவியை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்திருந்தாள். ஓடுகிறவர்கள் உட்காருகிற இடம் அது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் கிடந்தான் ஒற்றைக்கண்ணன். பொம்மை சேகரிப்பவர்கள் மத்தியில் அவனுக்கு அதுதான் பெயர். ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் விண்வெளிக் காவல் படை ஒன்றைப் பற்றித் தொடர் வந்தது. தொடர் ஊற்றிக்கொண்டது, எடுத்த கம்பெனியும் படுத்துவிட்டது. அதற்கு முன்னால் அவசரமாகச் செய்து கடைக்கு அனுப்பிய சொற்பமான சிப்பாய்ப் பொம்மைகள் மட்டும் பிழைத்துக்கொண்டன. ஒரு சாண் உயரம், சாம்பல் நீலக் கவசம், முகத்தை முழுவதும் மூடும் தலைக்கவசத்தில் நடுவே ஒரே ஒரு சிவப்புக் கண்ணாடிக் கண். வலது கையில் நீளத் துப்பாக்கி, நெஞ்சுக்குக் குறுக்காகப் பிடித்து இடது கையால் தாங்கிக்கொண்டிருப்பான். நான் என் வாழ்நாளில் அசலாக நான்கைந்துதான் தொட்டிருக்கிறேன். போலிகள் கணக்கில் இல்லை.

கையுறை மாட்டிக்கொண்டு அவனைத் தூக்கியதுமே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. காலிப்பரை எடுத்து உச்சந்தலையிலிருந்து பாதம் வரை அளந்தேன். தோள் அகலத்தை அளந்தேன். அசல் பொம்மையை வைத்து அச்சு எடுத்து, அந்த அச்சில் இன்னொன்றை வார்த்தால், வார்ப்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். தலைமுடி கனம்தான் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது, காலிப்பருக்குத் தெரியும். இவன் சுருங்கியிருந்தான். தோள் கவசத்தில் வரிசையாக இருக்கவேண்டிய ஆணித்தலைகள், அசலில் நகத்தை வைத்தால் கீறும், இவனுக்கு வாயில் கரைந்த மிட்டாய் போல மழுங்கியிருந்தன. கழுத்துக்குப் பின்னால் இரண்டு பாதியையும் ஒட்டிய கோடு, இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நகல்.

நான் முகத்தில் எதையும் காட்டாமல் பெரியவரைப் பார்த்தேன். "இப்ப சொல்லுங்க, ஐயா. என்ன தெரியணும் உங்களுக்கு?"

அவர் மருமகள் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அவளைப் பற்றித்தான் பேசினார். "முப்பது வருஷமா இது என் அலமாரியில நிக்குது. பூட்டின அலமாரி. நான் தொடக்கூட மாட்டேன், தினம் கண்ணாடி வழியா பாக்கறதோட சரி. துப்பாக்கி முனை எப்பவும் மேல் தட்டோட மூலையப் பாத்து நிக்கும். போன மாசம் பாக்கறேன், பூட்டப் பாக்குது. யாரோ எடுத்திருக்காங்க. அப்பதான் லென்ஸ் வெச்சுப் பாத்தேன். அந்தத் தோள் பட்டையில இருக்கற ஆணியெல்லாம் கூர்மையா இருக்கணும். பழைய பொம்மைங்களப் பத்தின புத்தகத்துல போட்டிருக்கான். இதுல மொழுக்குன்னு இருக்கு. மாத்திட்டாங்கம்மா. என் அசல எடுத்துக்கிட்டு ஒரு போலிய வெச்சுட்டாங்க."

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"கடிகாரத்துக்குப் பின்னாடி மாட்டி வெச்சிருப்பேன். எனக்கும் என் மகனுக்கும்தான் தெரியும்னு நெனச்சேன். பகல்ல வீட்டுல இருக்கறது யாருன்னு பாத்துக்குங்க." இப்போதும் அவர் திரும்பவில்லை. "மகன்கிட்ட சொல்லிட்டேன். இது மாத்தினதுன்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் என் வீட்டுல இருக்கக்கூடாது. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அதுவரை வாயைத் திறக்காத மருமகள் பேசினாள். குரல் உயரவில்லை. "வெளிய போறதுக்கு நான் பயப்படல, மாமா. திருடின்னு பேர் வாங்கிக்கிட்டுப் போக மாட்டேன். அதுக்குத்தான் நானே கார ஓட்டிக்கிட்டு வந்தேன்."

நன்றாகத்தான் சொன்னாள். அப்படி நன்றாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நிரபராதிகள் இவ்வளவு அழகாகப் பேசி நான் பார்த்ததில்லை. அவர்கள் தடுமாறுவார்கள், கோபத்தில் சம்பந்தமில்லாததையெல்லாம் இழுப்பார்கள், அழுவார்கள். இவள் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். கையில் இருப்பது நகல் என்று எனக்குத் தெரியும். அசல் எங்கே போனது என்பது அவளுக்குத் தெரியும் என்று அந்த நிமிஷம் நான் முடிவே கட்டிவிட்டேன்.

என்றாலும் வேலையை வேலையாகச் செய்ய வேண்டுமே. அடுத்தது வண்ணம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் மறைவான ஒரு இடத்தில் மெல்லத் தொட்டுப் பார்ப்போம், பிற்காலத்துப் பூச்சு என்றால் பஞ்சில் ஒட்டும். தொட்ட இடம் கொஞ்சம் வெளிறிப்போய்விடும் என்பதால், மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு இடம் வைத்துக்கொண்டிருக்கிறோம். நான் பாதத்தின் அடியில் தொடுவேன். துறைமுகப் பக்கம் கடை வைத்திருப்பவரை நாங்கள் பஞ்சு என்றுதான் கூப்பிடுவோம், அவர் தொடுவது இடது அக்குள். இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் கை வைப்பதில்லை. ஒற்றைக்கண்ணனைச் சாய்த்தபோது இடது கை சற்று விலகியது. அக்குளில் மிளகு அளவுக்கு ஒரு வெளிறிய புள்ளி. விளிம்பில் தூசி இன்னும் படியவில்லை. புதுசு. பஞ்சு இவனைப் பார்த்திருக்கிறார், அதுவும் சமீபத்தில்.

முப்பது வருஷமாகப் பூட்டின அலமாரியை விட்டு இறங்காத பொம்மையின் அக்குளில் பஞ்சுவின் கை எப்படி வந்தது? எனக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான திருப்தி ஏற்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. துப்புத் துலங்கும்போது வரும் திருப்தி அது. அதனால் யாருடைய குடி கெடும் என்று அந்த நேரத்தில் தோன்றாது.

பெரியவரின் போன் அடித்தது. திரையைப் பார்த்தார். "மகன்தான்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மருமகள் காதில் விழக்கூடாதென்று மாடிப்படி வரைக்கும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "துறைமுகத்துப் பக்கம் ஒருத்தர்கிட்ட இதக் கொண்டுபோய்க் காட்டினீங்களா?"

அவள் சாவியை மடியில் வைத்தாள். ஒரு கணம் பொய் சொல்லலாமா என்று யோசித்தாள், யோசிப்பது தெரிந்தது. "எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியும். காட்டினீங்களா?"

"காட்டினேன். விக்கத்தான் கொண்டுபோனேன், மேடம். அவர் பாத்துட்டு, இது அசல் இல்லம்மா, பழைய நகல்னு சொல்லிட்டார். அப்படியே கொண்டுவந்து வெச்சுட்டேன்." சாவியை மறுபடி கையில் எடுத்தாள். "துப்பாக்கி முனை எங்க பாக்கும்னு எனக்குத் தெரியாது."

"இத உங்க மாமனார்கிட்ட சொன்னீங்களா?"

"நீங்க சொல்லுவீங்களா?"

"கேட்டா சொல்லுவேன். என் மேஜையில பொய் கெடையாது."

"அவர் கேக்க மாட்டார்," என்றாள். "அவருக்குக் கேக்கத் தெரியாது. தீர்ப்பு சொல்லத்தான் தெரியும்." பிறகு, "என்ன நம்பலன்னா அந்தக் கடைக்காரருக்கே போன் போடுங்க," என்றாள்.

நான் போடவில்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் பஞ்சுவுக்கே பொம்மையின் மேல் ஆசை வந்துவிட்டால் அவர் வாயிலிருந்து வருவதும் கதைதான். அசலை அவரே எடுத்துக்கொண்டு, அலமாரியில் வைக்க ஒரு நகலைக் கொடுத்தனுப்பியிருந்தால், இப்போது இவள் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் இரண்டு பேரும் சொல்வார்கள். பழைய நகல் என்கிறாள். எவ்வளவு பழசு? முப்பது வருஷமா, மூன்று வாரமா? அதைச் சொல்ல வேண்டியது அவளும் இல்லை, பஞ்சுவும் இல்லை, போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கும் ஆடிட்டரும் இல்லை. மேஜையில் நிற்கிறவன் சொல்ல வேண்டும்.

விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். உடம்பின் வலப்பக்கம் சாம்பல் நீலமாகவே இருந்தது. இடப்பக்கம் பழுத்துத் தேநீர்க் கறை நிறத்துக்கு வந்திருந்தது. பிளாஸ்டிக் வெளிச்சத்தில் நின்றால் அப்படித்தான் ஆகும், பல வருஷம் ஒரே பக்கமாக நிற்க வேண்டும். ஆனால் இப்படிப் பழுக்க வைக்கத் தெரிந்த கில்லாடிகள் இருக்கிறார்கள். வெயில் மாதிரியே ஒளி வீசும் விளக்குக்கு அடியில் வாரக்கணக்கில் வைத்து எடுத்துவிடுவார்கள். அதனால் அதை மட்டும் நம்பி நான் எந்த முடிவுக்கும் வருவதில்லை. துப்பாக்கியைப் பார்த்தேன். யோசித்துப் பார்த்தால் அதை இதுவரை நான் நகர்த்தவே இல்லை. பஞ்சுவும் இடது கையைத்தான் விலக்கியிருக்கிறார், அப்போது முனை லேசாக நகர்ந்திருக்க வேண்டும். வலது கையை மெதுவாக வெளியே திருப்பித் துப்பாக்கியை நெஞ்சிலிருந்து விலக்கினேன்.

நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை கிடந்தது. தேநீர் நிறத்துக்கு நடுவில் சுத்தமான சாம்பல் நீலத்தில், துப்பாக்கியின் உருவம். பிடி, நடுவில் இருக்கும் பெட்டி மாதிரியான பகுதி, குறி பார்க்கும் சின்னக் குமிழ் வரைக்கும் வரைந்தாற்போல இருந்தது. வெளிச்சம் படாத இடம். விளக்கு வைத்துப் பழுக்க வைத்தால் ஓரங்கள் கத்தரித்ததுபோல நேராக விழும். இங்கே ஓரங்கள் மெல்லக் கரைந்திருந்தன. காலையில் ஒரு கோணம், சாயங்காலம் ஒரு கோணம், கோடையில் ஒன்று, குளிரில் ஒன்று என்று நகர்ந்து நகர்ந்து விழுந்த வெளிச்சம். பட்டையின் மேல் நுனி இப்போது துப்பாக்கி இருந்த இடத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் முடிந்தது. இதை எந்தக் கில்லாடியும் மூன்று வாரத்தில் செய்ய முடியாது.

அவள் சொன்னது உண்மை. எனக்கு முகத்தில் சூடு ஏறியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் என்ன கண்டுபிடித்தேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் துப்பாக்கியை முன்னிருந்தபடியே வைத்தேன்.

இப்போது பிரச்சினை வேறு. பெரியவர் உள்ளே வந்ததும் இது நகல் என்று நான் சொன்னால், அதற்கு மேல் அவர் காதில் ஒன்றும் ஏறாது. நகல் என்றால் மாற்றியாயிற்று, மாற்றியது இவள், எழுந்திரு போகலாம். பட்டையாவது நிழலாவது. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் கணக்கில் ஓட்டை பார்த்தவரிடம் விடையை முதலில் கொடுக்கக் கூடாது. கூட்டலை அவர் கையாலேயே போட வைக்க வேண்டும்.

அவர் வந்து உட்கார்ந்தார். "என்ன, பாத்தாச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன், ஐயா. சில விஷயம் உங்ககிட்டதான் கேக்கணும். அலமாரி இருக்கற ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்லுங்களேன்."

"பொம்மைக்கு இடது பக்கம்."

"திரை போட்டிருக்குமா?"

"இல்ல. எனக்கு வெளிச்சம் வேணும்."

"அலமாரிய இடம் மாத்தினதுண்டா? பொம்மைய?"

"எதுக்கு மாத்தணும்? வாங்கினதுலேருந்து அங்கேயேதான். என் சம்சாரம் வீட்ட வெள்ளையடிச்சப்பகூட அலமாரிய அசைக்க விடல நான்." அதில் ஒரு பெருமை இருந்தது.

"துப்பாக்கி முனை எங்க பாக்கும்னு சொன்னீங்க, இந்தக் குச்சியால காட்டுங்க பாப்போம்."

அவர் பஞ்சுக் குச்சியை வாங்கி, பொம்மையைத் தொடாமல், அதன் இடது தோளுக்கு மேலே ஒரு கோணத்தில் பிடித்தார். கோணத்தில் பிசிறில்லை. நான் பூதக்கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் துப்பாக்கியை விலக்கினேன். பட்டையின் நுனி அவர் குச்சி காட்டிய திசைக்கே நேராக இருந்தது.

நெடுநேரம் குனிந்து பார்த்தார். "இது..." என்றார். "இது துப்பாக்கியோட நிழல் விழுந்த இடம்."

"ஆமா. எவ்வளவு நாள் நின்னா இப்படி ஆகும்?"

"நாள் என்ன நாள். வருஷக்கணக்கா ஆகும்." தன் கண் தப்பு பண்ணவில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நான் சொன்னேன்ல? மூலையத்தான் பாத்துச்சு! இவங்க யாரும் நம்பல."

"அப்ப இது உங்க அலமாரியில நின்ன அதே சிப்பாய்தானே?"

"அதேதான்."

"யாரும் மாத்தல."

அவர் நிமிர்ந்தார். எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. ஆடிட்டர் அல்லவா, கூட்டல் சரியாக வந்தால் மறுக்கத் தெரியாது. "மாத்தல," என்றார். வாயில் கல் அகப்பட்டதுபோல இருந்தது அந்தச் சொல். மருமகள் கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான்.

"அப்ப அசல்தான்," என்றார் பெரியவர், சட்டென்று தெளிந்து. "நான்தான் அந்தப் புத்தகத்தப் படிச்சுக் கொழம்பிட்டேன்."

"இல்ல, ஐயா. இது நகல். உங்ககிட்ட வந்தப்பவே இது நகல்தான்."

காலிப்பரை வைத்துக் காட்டினேன். ஆணித்தலைகளைக் காட்டினேன், கழுத்துக் கோட்டைக் காட்டினேன். முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். அவர் எதையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாக்களில் ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார். "என் சகலை குடுத்தான்," என்றார். "வேற யாருக்கும் தர மனசில்ல, உனக்குன்னா தரேன்னான். அவன் அப்படிப்பட்டவன் இல்லம்மா." கொஞ்ச நேரம் கழித்து, "அப்படிப்பட்டவன்தான்," என்றார். பிறகு, "செத்துப் போயிட்டான்," என்றார், ஒரு வழக்கு தள்ளுபடியான மாதிரி.

"அவரையும் யாராவது ஏமாத்தியிருக்கலாம்," என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் அந்த அலமாரிக்கு முன்னால் நிறுத்தியிருப்பார். எத்தனை பேரிடம் எத்தனை முறை அந்தக் கதையைச் சொல்லியிருப்பார். அதை நான் ஆரம்பத்திலேயே கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. இனிமேல் அதை யாரும் கேட்கப் போவதில்லை. எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. இந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவர்மேல் அப்படி ஒன்று தோன்றுவது அதுதான் முதல் தடவை.

அவர் பேனாவை மூடினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வந்ததிலிருந்து முதல் முறையாக மருமகளை நேருக்கு நேர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என்ன பார்க்கிறார் என்று எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை. முப்பது வருஷமாக வீடே தூக்கிவைத்துக் கொண்டாடிய பொருள் போலி என்று இப்போதுதான் தெரிகிறது, அவள் முகத்தில் ஒன்றுமே நகரவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள், ஆச்சரியப்பட மட்டும் மறந்துவிட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்," என்றார்.

"தெரியும், மாமா."

"நீதான் எடுத்த."

"ஆமா."

"எதுக்கு?"

"விக்கத்தான்."

நான் ஸ்பிரிட் புட்டியின் மூடியைத் தேவையில்லாமல் இறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "தெரிஞ்சப்பறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நான்தான் மாத்திட்டேன்னு சொல்லியிருப்பீங்க."

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள், டாக்டர் இன்னும் கீழே, இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருப்பேன்," என்றார் பெரியவர்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "வித்து என்ன பண்றதா இருந்த?"

"வீடு பாத்திருந்தோம்."

"தனியாவா?"

"ஆமா."

"அவனுக்கும் தெரியுமா?"

"அவர்தான் பாத்தார்." இந்த இடத்தில்தான் அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "பொம்மைய எடுத்தது அவருக்குத் தெரியாது, மாமா. அது நான் மட்டும்தான்."

அவர் தலையை ஆட்டினார். சற்று முன்னால் படிக்கட்டில் நின்று மகனுடன் அவர் என்ன பேசினார், மகன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவர் அதைத்தான் மறுபடியும் மனசில் ஓட்டிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு வார்த்தையாக, இதில் எது உண்மை, எது ஒட்டு என்று. அந்த வேலை எவ்வளவு களைப்பானது என்பது எனக்குத் தெரியும்.

"எத்தன ரூமு?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்லத் தயங்கினாள். திருடினதை ஒப்புக்கொண்டபோது தயங்காதவள் இதற்குத் தயங்கினாள். "ஒண்ணுதான், மாமா," என்றாள். "எங்க ரெண்டு பேருக்கு."

நான் ஒற்றைக்கண்ணனைப் பஞ்சு மெத்தையில் கிடத்திப் பெட்டியை மூடி மேஜை விளிம்புக்குத் தள்ளினேன். சான்றிதழ் வேண்டுமா என்று கேட்பது வழக்கம், கேட்கவில்லை. பெரியவர் எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள் கையை நீட்டினாள், அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. முன்னால் போனது யார், பெட்டியைத் தூக்கிக்கொண்டது யார் என்று நான் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தேன்.

ஜன்னலுக்கு வந்தபோது கார் எதிர்ப்புறம் நின்றிருந்தது. இரண்டு பேரும் உள்ளே ஏறி உட்கார்ந்தாயிற்று. பெட்டி காரின் கூரைமேல் இருந்தது.

சாவியைத் தேடும்போது கையிலிருப்பதைக் கூரைமேல் வைப்பது எல்லோரும் செய்கிறதுதான், வைத்துவிட்டு மறந்து போகிறவர்களும் உண்டு. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் மறக்கிற ஜாதி இல்லை. ஒருத்தர் துப்பாக்கி முனை நகர்ந்ததைக் கண்டுபிடித்தவர். இன்னொருத்தி ஒரு மாசமாக ஒரு வார்த்தையை வாயை விட்டு விழாமல் வைத்திருந்தவள். கண்ணாடி வழியாக இரண்டு தலைகளும் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இஞ்சின் கிளம்பியது. நான் ஜன்னல் கொக்கியை விடுவித்துப் பாதிக் கதவைத் திறந்தேன், கூப்பிட வாயையும் திறந்தேன், ஆனால் கூப்பிடவில்லை.

கார் மெதுவாக நகர்ந்தது, நடந்து போகிறவர் கூடவே வரக்கூடிய வேகத்தில். பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது, நின்றது, மறுபடி சரிந்தது. தெருமுனை வந்ததும் திரும்புவதற்கான விளக்கு மினுக்கியது. வண்டி எதுவும் குறுக்கே வரவில்லை, ஆனாலும் அவர்கள் திரும்பவும் இல்லாமல், பெட்டியை எடுக்க இறங்கவும் இல்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.